செல்லாத கல்யாணமும் செல்ல வைத்த சட்டமும்

(அருப்புக்கோட்டையில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகியும் பொறுமையாக அமர்ந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே, மகளிர் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட நெசவாளர் சங்கத்துப் பெரியவர்களே, பொருளாளர் அவர்களே, மைக்செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். பொருளாளரைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. போன கூட்டத்தில் பேசியவர் அவர் பெயரை விட்டுவிட்டார். அன்றைக்குப் பேச்சாளருக்குப் போர்த்திய சால்வைக்கு இன்னும் பணம் போகவில்லை என்று கேள்வி. (சிரிப்பு)

தன்பாலினத் திருமணமும் நீதிமன்றத் தீர்ப்புகளும் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது, தைவானும் தாய்லாந்தும் எப்படி நமக்கு முன்னால் போயின, நாம் என்ன செய்யலாம். மேடைக்கு மேடை நான் சொல்கிற பழமொழியை இன்றைக்கும் சொல்வேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். செயலாளர் இப்போதே சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டம் 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து தன்பாலீர்ப்பாளர்களை விடுவித்தது. விருப்பத்தோடு சேர்ந்து வாழும் வயது வந்த இருவர் குற்றவாளிகள் அல்ல என்றது. நல்லது. குற்றவாளி இல்லை என்றானபின் அடுத்த கேள்வி வராதா? நாங்கள் சட்டப்படி குடும்பம் நடத்தலாமா என்று கேட்டுத்தான் சுப்ரியோ என்பவரின் பெயரில் அறியப்படும் வழக்கு வந்தது. 2023 ஏப்ரல் 18-இல் ஐந்து நீதிபதிகள் முன் விசாரணை தொடங்கியது. பத்து நாள் வாதம். நேரலையில் நாடே பார்த்தது. எங்கள் தெருவில் கிரிக்கெட் மட்டுமே பார்க்கிற ஒரு மாமாகூடப் பார்த்தார்.

அக்டோபர் 17-இல் தீர்ப்பு. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து பேரும் ஒரே குரல். மதச் சடங்கு இல்லாமல் பதிவு செய்துகொள்ள வழிசெய்யும் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்தி வாசிக்க மாட்டோம், அது நாடாளுமன்றத்தின் வேலை என்றார்கள். திருமணம் இல்லாவிட்டாலும் இணையர் என்ற சட்ட அங்கீகாரமாவது கொடுக்கலாம், குழந்தையைத் தத்தெடுக்க விடலாம் என்று தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் எழுதினார்கள். மற்ற மூவர் அதற்கும் ஒப்பவில்லை. மூன்றுக்கு இரண்டு. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி.

நடுவில் ஒன்று நடந்தது. 2024-இல் ஒன்றிய அரசு, இப்படிச் சேர்ந்து வாழ்பவர்களை ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகக் கொள்ளலாம், வங்கியில் ஜாயின்ட் அக்கவுண்ட் தொடங்கலாம், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடலாம் என்று தெளிவுபடுத்தியது. வரவேற்கிறேன். ஆனால் அது சுற்றறிக்கை. சுற்றறிக்கையை இன்னொரு சுற்றறிக்கை தூக்கிவிடும். சட்டத்தைத் தூக்கச் சட்டமன்றம் கூட வேண்டும்.

இந்த இடத்தில் என் அப்பத்தா கல்யாணத்தைச் சொல்லியாக வேண்டும். 1928-இல் பக்கத்துச் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்த சுயமரியாதைக் கல்யாணம் உங்களுக்குத் தெரியும். அந்தக் காற்று எங்கள் வீட்டுக்கு 1949-இல்தான் வந்தது. தாத்தா ஒற்றைக்காலில் நின்று, ஐயரில்லாக் கல்யாணம் என்று முடிவு செய்துவிட்டார். பருத்திக் கிட்டங்கி வாசலில் பந்தல். மாலை எடுத்துக்கொடுக்க வேண்டிய பேச்சாளர் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. பந்தி இரண்டு முடிந்தது. பசி தாங்காமல் மாப்பிள்ளையே இலையில் உட்கார்ந்துவிட்டார். (சிரிப்பு) ஒருவழியாக வந்தவர் மைக்கைப் பிடித்தார், விடவில்லை. ரஷ்யா போனார், துருக்கி போனார், பந்தலுக்குத் திரும்பி வருவதாகத் தெரியவில்லை. கடைசியில் மணப்பெண்தான் வாய் திறந்தது: "ஐயா, மாலை வாடுதுங்க." (சிரிப்பு, கைதட்டல்) அப்படி நடந்த கல்யாணம் அது.

1953-இல் சென்னை உயர் நீதிமன்றம், சடங்கில்லாத சுயமரியாதைத் திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. தெய்வானை ஆச்சி வழக்கு. தாத்தாவோடு காட்டுப் பங்கில் தகராறு இருந்த பங்காளி ஒருவர், பேப்பரை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். "மதினி, உங்க கல்யாணம் செல்லாதாமே. பிள்ளைகளுக்குப் பங்கு எப்படி வரும்?" அப்பத்தா அடுப்படியை விட்டு வரவே இல்லை. "அப்படியா கொழுந்தனாரே, ரொம்ப நல்லது. நாளையிலேர்ந்து உங்க அண்ணனுக்கு நீங்களே பொங்கிப் போடுங்க!" (நீண்ட சிரிப்பு) திருப்பரங்குன்றத்தில் ரகசியமாக இன்னொரு தாலி கட்டிவிடுங்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்பத்தாவுக்கு வந்ததே கோபம். "ஒரே ஆள ரெண்டு தடவை கட்ட எனக்கென்ன கிறுக்கா?"

வாய் சிரித்தது. பயம் போகவில்லை. தாத்தா உயில் எழுதினார், கிழித்தார், மறுபடி எழுதினார். தனக்கு ஒன்று ஆனால் இவளை மனைவி என்று எந்த ஆபீஸ் ஒப்புக்கொள்ளும் என்பதுதான் அவர் கவலை. இன்றைக்குச் சேர்ந்து வாழும் இரண்டு பெண்களுக்கு இருக்கும் கவலையும் இதேதான். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டும்; "நீங்க யாரு அவங்களுக்கு?" என்று நர்ஸ் கேட்டால் என்ன சொல்வது?

1967-இல் அண்ணா முதலமைச்சரானார். இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 7-ஏ பிரிவு வந்தது. மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் போட்டாலும் போதும், தாலி கட்டினாலும் போதும். முன்னால் நடந்த கல்யாணங்களும் செல்லும் என்று எழுதினார்கள். குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. நீதிமன்றம் அடைத்த கதவைச் சட்டமன்றம் திறந்தது. சும்மா திறக்கவில்லை. சுக்கிலநத்தத்திலிருந்து கோட்டை வரைக்கும் கிட்டத்தட்ட நாற்பது வருடம் அழுதிருக்கிறோம், பிறகுதான் பால்.

வேடிக்கையைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் இதே 7-ஏ பிரிவு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வக்கீல் அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் நடந்தாலும் சுயமரியாதைத் திருமணம் செல்லும், ஊரைக் கூட்ட வேண்டியதில்லை என்றது நீதிபதி ரவீந்திர பட் இருந்த அமர்வு. அதே ரவீந்திர பட்தான், இரண்டு மாதத்துக்குள், சுப்ரியோ வழக்கில் மறுத்த மூவரில் ஒருவர். அவரை நான் குறை சொல்லவில்லை. முதல் வழக்கில் அவர் கையில் அண்ணா கொடுத்த சட்டம் இருந்தது. இரண்டாவதில் ஒன்றுமில்லை.

நம் உயர் நீதிமன்றம் பாதி வழி வந்துவிட்டது. 2019-இல் மதுரைக் கிளை, மணமகள் என்றால் திருநங்கையும்தான் என்று சொல்லி, தூத்துக்குடிக் கோயிலில் நடந்த கல்யாணத்தைப் பதியச் சொன்னது. 2021-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இதில் புரிதல் போதவில்லை என்று உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்து, தன்பாலீர்ப்பை மாற்றுகிறோம் என்று செய்யும் 'மாற்றும் சிகிச்சை'க்குத் தடை போட்டார். ஒரு நீதிபதி மாணவனாக உட்கார்ந்தது பெரிய விஷயம்; நம் தலைவர் ஐயாவும் தலையசைக்கிறார். 2025 மே மாதம், பெற்றோர் அடைத்துவைத்த 25 வயதுத் தன்பாலீர்ப்புப் பெண்ணை அவர் விருப்பப்படி போகவிட்ட தீர்ப்பில், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல என்று எழுதினார்கள் நீதிபதிகள் சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும்.

தைவான், தாய்லாந்து கதைக்கு நேரமில்லை என்று செயலாளர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். தைவானில் நீதிமன்றம் 2017-இல் நாடாளுமன்றத்துக்கு இரண்டு வருடக் கெடு வைத்தது, 2019-இல் சட்டம் வந்தது என்பதோடு விடுகிறேன்.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நாங்கள் இருவரும் ஒரு குடும்பம் என்று எழுதிப் பதிவு செய்துகொள்ள ஒரு பத்திரம். அதற்கு அரசு வழி செய்ய வேண்டும் என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷே 2023 நவம்பரில் யோசனை சொன்னார். அந்தப் பத்திரத்துக்கு ஒரு தமிழ்நாட்டுச் சட்டம் வேண்டும். திருமணமும் வாரிசுரிமையும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. மாநிலம் சட்டம் போடலாம், 1967-இல் போட்டோம். டெல்லி செய்யட்டும் என்று காத்திருந்தால் என் அப்பத்தா செல்லாத பெண்டாட்டியாகவே போய்ச் சேர்ந்திருப்பார். அழ வேண்டிய இடம் டெல்லி மட்டுமில்லை, கோட்டையும்தான்.

வாசலில் டீ கேனுக்குப் பக்கத்து மேசையில் மனு இருக்கிறது. பெயர், ஊர், கையெழுத்து போதும். போன் நம்பர் விருப்பமிருந்தால். பேனா கயிற்றில் கட்டியிருக்கிறது, தயவுசெய்து இழுக்காதீர்கள். சட்டமன்ற உறுப்பினர் எழுந்துவிட்டார். ஐயா, ஒரு பிரதி உங்கள் காரில் முன் சீட்டில் வைத்தாயிற்று. அடுத்த கூட்டத்தொடர் தேதி வந்ததும் நாங்கள் வீட்டுக்கு வருவோம். நன்றி, வணக்கம். (கைதட்டல்)