மாமா கொடுத்த ஆறு புள்ளி

வணக்கம் நேயர்களே. ஓவியம் பத்திப் பேசணும்னு கூப்பிட்டாங்க, நான் பெரிய ஆர்ட்டிஸ்ட்லாம் கிடையாது, முப்பது வருஷமா ஆபீஸ் வேலை, ஞாயித்துக்கிழமை ஆனா மொட்டை மாடிக்கு ஈசல் ஸ்டாண்டை, அதான் படத்தச் சாச்சு வச்சு வரையிற சட்டத்தை, தூக்கிட்டுப் போயிருவேன், அவ்வளவுதான். இந்தக் கிறுக்கு எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டா எங்க தாய்மாமாவைத்தான் சொல்லணும்.

மாமா கோவில்பட்டில போர்டு எழுதுறவர். கோவில்பட்டின்னா கொண்டைய ராஜு இருந்த ஊரு, அங்க அவர் வரைஞ்ச முருகனும் மீனாட்சியும் சிவகாசில அச்சாகி காலண்டரா நம்ம வீட்டுச் சுவருக்கெல்லாம் வந்தவங்க. மாமா அந்த ரேஞ்சு இல்ல. மளிகைக்கடை போர்டு, லாரி நெத்தி, தேர்தல் வந்தா சுவர், இதான் அவர் தொழில். முழுப்பரீட்சை லீவுக்கு ஆச்சி வீட்டுக்குப் போனா நான் அவர் பட்டறையிலயே கெடப்பேன், டர்பன்டைன் வாசம் தலைமுடில ஏறிரும்னு ஆச்சி திட்டுவா.

அவர் எழுதுறதப் பாக்கணுமே! மொதல்ல நூலுல சாக்பீஸ் பொடியத் தேச்சு, அந்த முனைய என்னைப் பிடிக்கச் சொல்லிட்டு இந்த முனைய அவர் இழுத்துப் பிடிச்சு நடுவுல சுண்டுவாரு, டப்புனு ஒரு வெள்ளைக்கோடு தகரத்துல விழும், அதுக்கு மேலயும் கீழயும் எழுத்து ஒரு நூல் கூட தாண்டாது. இடது கைல ஒரு குச்சி, நுனில துணி சுத்தி வச்சிருப்பாரு, அதுமேல வலது மணிக்கட்டச் சாச்சுக்கிட்டு மூச்ச அடக்கித்தான் கோடு இழுப்பாரு.

எனக்கு ஒம்பது வயசு இருக்கும், ஒருநாள் ஒரு அரிசிக்கடை போர்டு, "மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்"னு கடைசி வரி. எல்லாத்தையும் எழுதிட்டு பிரஷ்ஷ என் கைல குடுத்து, "ஏட்டி, புள்ளியெல்லாம் நீ வையி"ன்னாரு. எண்ணிப் பாருங்க, அந்த வரில ஆறு புள்ளி. பிரஷ்ஷ நட்டமா நிறுத்தி அங்கயே ஒரு சுத்து சுத்தி எடுக்கணும், அப்பத்தான் உருண்டையா வரும். மூணாவது புள்ளி வழிஞ்சிருச்சு. அழ ஆரம்பிச்சுட்டேன், அவர் ஒண்ணும் சொல்லல, துணில டர்பன்டைன் தொட்டு ஒரு துடை துடைச்சுட்டு, "பெயிண்ட்ட வழிச்சுட்டு வையி"ன்னாரு. அந்த போர்டு பத்து வருஷம் பஜார்ல தொங்குச்சு, போறப்ப வாரப்பல்லாம் என் புள்ளிய நான் பாத்துக்குவேன்.

இத ஏன் சொல்றேன்னா, ராஜா ரவிவர்மா கதையிலயும் ஒரு தாய்மாமா இருக்காரு. 1848ல கிளிமானூர்ல பொறந்த பையன், கரிக்கட்டையால சுவரெல்லாம் கிறுக்கி வைப்பானாம், நம்ம வீடா இருந்தா முதுகுல ரெண்டு விழுந்திருக்கும். மாமா ராஜராஜ வர்மா தஞ்சாவூர் பாணில வரையிறவர், அவர் பாதில விட்டுட்டுப் போன படத்த இவன் வரைஞ்சு முடிச்சு வச்சுட்டான், மாமா கோவிக்காம அன்னைக்கே சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சுட்டாருன்னு ஒரு கதை சொல்வாங்க. கதையோ நெசமோ, 1862ல பையனத் திருவனந்தபுரம் அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போனது மாமாதான். அங்க ஆயில்லத்துக்கு... மன்னிக்கணும், ஆயில்யம் திருநாள் மகாராஜா, நாக்கு பொரளுது. அவங்க குடும்பத்துல அப்ப மருமக்கத்தாயம், அதாவது தாய்வழி முறை, அக்கா தங்கச்சி மகன் பொறுப்பு தாய்மாமாவோடது.

அரண்மனைல என்ன ஆச்சு தெரியுமா? ஆஸ்தான ஓவியரா மதுரைக்காரர் ராமசாமி நாயக்கர் இருக்காரு, அவர் சொல்லிக் குடுக்க மாட்டேன்னுட்டாரு. அவர்கிட்ட வேலை பாத்த ஆறுமுகம் பிள்ளைதான் ராத்திரில ரகசியமா வந்து சொல்லிக் குடுத்தது. 1868ல தியடோர் ஜென்சன்னு ஒரு வெள்ளைக்கார ஓவியர் வந்தாரு, அவரும் கத்துத்தர மாட்டேன், வேணும்னா பக்கத்துல நின்னு பாத்துக்கோன்னாரு. இவர் நின்னு பாத்தே ஆயில் பெயிண்டிங் பிடிச்சுக்கிட்டாரு, 1873ல மெட்ராஸ் கண்காட்சில பரிசு.

தொழில் தெரிஞ்சவங்க எல்லாருமே கொஞ்சம் ஒளிப்பாங்க, நான் நாயக்கரக் குத்தம் சொல்லல, அது அவர் சோறு. ஆனா எங்க மாமாவுக்கும் சரி, ரவிவர்மாவோட மாமாவுக்கும் சரி, ஒளிக்கத் தோணல பாருங்க, அதான் எனக்குப் பிடிச்சது. ரவிவர்மாவும் அப்படித்தான், தம்பி, அவர் பேரும் ராஜராஜ வர்மாதான், அவர்கூடவே ஊர் ஊராப் போயி வரைஞ்சாரு, தங்கச்சி மங்களா பாயியும் ஓவியர். அந்த மாமா ஆரம்பிச்சது வீடு பூரா பரவிருச்சு.

எங்க மாமா தொழில ஃபிளெக்ஸ் வந்து முடிச்சு வச்சிருச்சு. இப்ப கை நடுங்குது, ஆனா நான் வரைஞ்சதக் கொண்டுபோய்க் காட்டினா மொதக் கேள்வி, "நெழலுக்கு கருப்பா போட்ட?" ஆமா மாமா. "செத்துப்போச்சு பாரு. நீலத்தக் கலந்து போடு."

இவ்வளவு பேசுற நான் என்ன பண்றேன்னா, தம்பி மகன் வந்தா நல்ல பிரஷ்ஷெல்லாம் பீரோல வச்சுப் பூட்டிருவேன். இந்தப் பேச்சுக்குக் குறிப்பு எழுதும்போதுதான் சுருக்குன்னுச்சு, போன வாரம் பூட்டாம விட்டேன். ஐநூறு ரூவா பிரஷ், ஆயில் பெயிண்ட்டோட அப்படியே காய விட்டுட்டான். டர்பன்டைன்ல ஊறப் போட்டு இன்னையோட மூணு நாள், இன்னும் முடி பிரியல.

வணக்கம்.