ஆயா ஆலிஸ் செய்யாத கொலை

நேயர்களுக்கு வணக்கம்.

கப்பல் விபத்தைப் பற்றித் தொலைக்காட்சியில் ஒரு படம் வந்துவிட்டால் போதும், குற்றம் கண்டுபிடிக்க ஒரு கூட்டம் கிளம்பிவிடும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். டைட்டானிக்கின் நான்காவது புகைபோக்கி பெரும்பாலும் காற்றோட்டத்துக்காக வைக்கப்பட்டதாயிற்றே, அதில் ஏன் இத்தனை கரும்புகை? அதிகாரியின் சட்டைக் கையில் இருக்கவேண்டிய பட்டை எங்கே போயிற்று? இப்படிப் பேசிப் பொழுதுபோக்குவதில் ஒரு சுகம் உண்டு. ஆனால் இவை எல்லாம் சில்லறைத் தவறுகள். யாருக்கும் இதனால் நட்டமில்லை.

இன்னொரு வகைத் தவறு, படம் எடுத்த காலத்தின் அறிவுக்குறைவால் வருவது. 1979-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'எஸ்.ஓ.எஸ். டைட்டானிக்' என்ற படம் ஒளிபரப்பானது. அதில் கப்பல் உடையாமல் முழுசாக மூழ்கும். இன்று பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் 1912-இல் நடந்த பிரிட்டிஷ் விசாரணையின் முடிவே அதுதான். கப்பல் இரண்டாகப் பிளந்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று உயிர் தப்பிய பலர் சாட்சி சொல்லியும், அதிகாரிகளின் சொல்லே எடுபட்டது. 1985-இல் கடலடியில் சிதைவைக் கண்டெடுத்தபோது, முன்பகுதி ஓரிடத்திலும் பின்பகுதி வேறோரிடத்திலும் கிடந்தன. 1979-இல் படம் எடுத்தவரை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மனம் ஆறாத தவறு ஒன்று உண்டு. இன்று நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

கனடாவின் மான்ட்ரியல் நகரத்தைச் சேர்ந்த ஹட்சன் அலிசன் குடும்பம் டைட்டானிக்கில் முதல் வகுப்பில் வந்தது. கணவன், மனைவி பெஸ், இரண்டு வயது மகள் லொரெய்ன், பதினோரு மாதக் கைக்குழந்தை ட்ரெவர். குழந்தையைப் பார்த்துக்கொள்ள இங்கிலாந்தில் அமர்த்திய ஆயா ஆலிஸ் கேத்தரின் கிளீவர். கப்பல் மூழ்கிய இரவில் ஆலிஸ் குழந்தை ட்ரெவரைத் தூக்கிக்கொண்டு 11-ஆம் எண் உயிர்காப்புப் படகில் ஏறினார். இருவரும் பிழைத்தார்கள். தாய், தந்தை, லொரெய்ன் மூவரும் இறந்தார்கள்.

1996-இல் வந்த 'டைட்டானிக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் இந்த ஆயாவை எப்படிக் காட்டியது தெரியுமா? பெற்ற பிள்ளையையே கொன்றவளாக, சித்தம் கலங்கியவளாக. அவள் குழந்தையோடு ஓடிவிட்டாள், பெற்றோர் தேடித் தேடியே மாண்டார்கள் என்று கதை போகிறது.

நடந்தது பெயர்க்குழப்பம். 1909-இல் லண்டனில் ஒரு பெண் தன் குழந்தையை ஓடும் ரயிலிலிருந்து வீசிக் கொன்ற வழக்கில் தண்டிக்கப்பட்டாள். அவள் பெயரும் ஆலிஸ் கிளீவர்தான். ஆனால் அவள் ஆலிஸ் மேரி. கப்பலில் வந்தவரோ ஆலிஸ் கேத்தரின். இருவரும் ஒருவரே என்ற தவறு முதலில் அச்சில் ஏறியது, பிறகு அங்கிருந்து திரைக்குத் தாவியது. மரண தண்டனை பெற்று, அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்ட ஒருத்தி, மூன்றே ஆண்டில் ஒரு பணக்காரர் வீட்டில் எப்படி ஆயாவாகச் சேர்ந்தாள் என்று கதை எழுதியவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நிஜமான ஆலிஸ் கேத்தரின் இங்கிலாந்து திரும்பி, நெடுங்காலம் வாழ்ந்து, 1984-இல் காலமானார். தொடர் வந்தது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து.

பெற்றோர் ஏன் படகில் ஏறவில்லை? உடன் வந்த பயணி ஒருவர் பத்திரிகைக்குச் சொன்னது வேறு விதம்: கணவர் மறுபக்கத்துப் படகில் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, பெஸ் மகளையும் இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினாராம். எது உண்மையோ, ஆயாவைக் கொலைகாரியாக்க இதில் இடமே இல்லை. முதல் இரண்டு வகுப்புகளில் இறந்த ஒரே குழந்தை லொரெய்ன் என்பதால்தான் இந்தக் குடும்பத்தின் மேல் இத்தனை கண். மூன்றாம் வகுப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அவர்களைத் தேடி எந்தக் கதாசிரியரும் அவ்வளவாகப் போகவில்லை.

வானொலியும் இதில் சுத்தமில்லை, சொல்லிவிடுகிறேன். 1940-இல் ஓர் அமெரிக்க வானொலி நிகழ்ச்சியில் ஒரு பெண் வந்து, நான்தான் அந்த லொரெய்ன், சாகவில்லை என்றாள். அது பொய் என்று டிஎன்ஏ சோதனை காட்டுவதற்குப் பல்லாண்டுகள் ஆயின.

இங்கிலாந்துச் சட்டப்படி, இறந்துபோனவருக்காக அவதூறு வழக்குப் போட முடியாது. அப்படியானால் யார் தட்டிக்கேட்பது? சில சமயம் ஊர் கேட்கும். 1997-இல் வந்த திரையரங்குப் படம், கப்பலின் முதல் அதிகாரி வில்லியம் மர்டாக் பயணிகளைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டதாகக் காட்டியது. ஓர் அதிகாரி சுட்டுக்கொண்டார் என்று ஓரிருவர் கடிதம் எழுதியது உண்டு, ஆனால் அது மர்டாக்தான் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஸ்காட்லாந்தில் அவருடைய சொந்த ஊரான டால்பீட்டி கொதித்தது. 1998-இல் படநிறுவன அதிகாரி ஒருவர் நேரில் வந்து வருத்தம் தெரிவித்தார். ஊர்ப் பள்ளியில் மர்டாக் பெயரில் பரிசு வழங்க 5,000 பவுண்டு கொடுத்தார்கள். ஆலிஸுக்கு அப்படி ஓர் ஊர் வாய்க்கவில்லை.

அப்படியானால் கற்பனையே கூடாதா? கூடும். 2011-இல் பிபிசி ஒளிபரப்பிய 'லக்கோனியா' படத்தைப் பாருங்கள். 1942 செப்டம்பர் 12 அன்று ஆப்பிரிக்காவின் மேற்கே, ஜெர்மன் நீர்மூழ்கி யு-156 ஒரு பிரிட்டிஷ் கப்பலைத் தாக்கியது. உள்ளே சுமார் 1,800 இத்தாலியப் போர்க்கைதிகள் இருந்தார்கள், அதாவது அன்றைய ஜெர்மனியின் கூட்டாளி நாட்டவர். தண்ணீரில் தத்தளிப்பவர்கள் யாரென்று தெரிந்ததும் தளபதி ஹார்டென்ஸ்டைன் அவர்களை மீட்கத் தொடங்கினார். மீட்க வரும் எந்தக் கப்பலையும் தாக்கமாட்டேன் என்று ஆங்கிலத்தில் வெளிப்படையாகச் செய்தி அனுப்பினார், செஞ்சிலுவைக் கொடியை விரித்தார். 16-ஆம் தேதி அமெரிக்க விமானம் ஒன்று வந்து குண்டு போட்டது. இனிமேல் யாரையும் மீட்கவேண்டாம் என்று ஜெர்மன் கடற்படை உத்தரவிட்டதும் இதனால்தான்.

இவ்வளவும் நடந்தது, இவ்வளவும் படத்தில் இருக்கிறது. நாடகத்துக்காக அவர்கள் சேர்த்தது, கைக்குழந்தையோடு தப்பி ஓடும் ஹில்டா ஸ்மித் என்ற ஜெர்மன் பெண்ணை. அவள் முழுக்கக் கற்பனை. பொய், ரகசியம், பயம் எல்லாவற்றையும் அவள் தலையில் ஏற்றினார்கள். ஹார்டென்ஸ்டைனும் 1943 மார்ச்சில் தன் நீர்மூழ்கியோடு கடலில் போனவர்தான், எழுந்து வந்து மறுக்க முடியாதவர்தான். அவர் செய்யாத குற்றம் எதையும் அவர் மேல் போட இந்தப் படத்துக்குத் தேவைப்படவில்லை.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.