முதல் மழை தொட்டிக்கு இல்லை

வணக்கம். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ சமைத்துக்கொண்டே ரேடியோவில் இதைக் கேட்கிறவர்களுக்கும், டேங்கர் லாரிக்குப் போன் போட்டுவிட்டு வாசலில் நிற்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான். மழைநீர் சேகரிப்பு பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஸ்டேஷனை மாற்றத் தோன்றும், எனக்கே தோன்றும். பெங்களூரில் நமக்கு அது 2009-இல் வந்த ஒரு சட்டம், வீட்டுப் பிளானில் காட்ட வேண்டிய ஒரு குழி, அவ்வளவுதான். காவிரி எப்படியும் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து மேடேறி வந்துவிடுகிறது, வராத நாளில் டேங்கர். 2024 கோடையில் டேங்கருக்கும் கெஞ்ச வேண்டி வந்தபோது மட்டும் கொஞ்ச நாள் மொட்டை மாடி ஞாபகம் வந்தது.

நான் சொல்ல வந்தது பங்காருப்பேட்டைக்கு அப்பால் இருக்கும் ஒரு சின்ன ஊரைப் பற்றி. நாங்கள் நாலைந்து பேர், கோலார் தங்கவயலில் பிறந்து இங்கே வேலை பார்க்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் அந்தந்த வீட்டாரோடு சேர்ந்து மழைநீர்த் தொட்டி கட்டுகிறோம். கோலார் பக்கம் பல ஊர்களில் 1,000 அடிக்கு மேல் போர்வெல் இறக்க வேண்டியிருக்கிறது, வருகிற தண்ணீரிலும் ஃபுளோரைடு என்கிற உப்பு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை தெரியும். "காய்ச்சித்தானே குடிக்கிறோம்" என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். மழைத் தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை.

கணக்கு ரொம்பச் சுலபம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 12-க்கு 18 அடி ஷீட் வீடு என்றால் 20 சதுர மீட்டர்; வருஷத்துக்கு 700 மில்லிமீட்டர் என்று வைத்து, சிந்தினது சிதறினது என ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 11,000 லிட்டர் தேறும். ஐந்து பேருக்குக் குடிக்கவும் பொங்கவும் நாளைக்கு 25 லிட்டர் போதும், அதனால் 5,000 லிட்டர் தொட்டி ஒருமுறை நிரம்பினாலே 200 நாள் ஓடும். குளிக்க, துவைக்க, மாட்டுக்கு எல்லாம் போர் தண்ணீரே இருக்கட்டும்.

தொட்டிக்குக் கம்பியில் கூடு கட்டி, கோழி வலையைச் சுற்றி, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்று கலவை. வெளியே மேஸ்திரி கலவையை அறைவார், உள்ளே ஒருவர் பலகையை வைத்துத் தாங்க வேண்டும், ஆள் இறங்கும் வாய் சின்னது என்பதால் வீட்டிலேயே ஒல்லியானவர்தான் அதற்கு மாட்டுவார். முதல் தொட்டியில் நாங்கள் கோட்டை விட்டோம். மே மாத வெயிலில் பூசி முடித்துவிட்டுச் சாயங்காலம் ரயிலேறி வந்துவிட்டோம். பூச்சை இரண்டு வாரம் ஈரமாகவே வைக்க வேண்டும், ஆனால் நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊரில் சுவருக்கு யார் ஊற்றுவார்? அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் சுற்றிலும் மயிரிழை விரிசல். தண்ணீர்த் தொட்டி கட்டத் தண்ணீர் இல்லை, இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அப்புறம் முதலிலேயே டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைத்து, தொட்டியைச் சாக்கால் சுற்றி, காலையும் மாலையும் நனைக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் விட்டோம். அவர்கள் பெரியவர்களைவிட ஒழுங்கு.

ஆனால் கட்டுவதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று இருந்தது. முதல் மழையைத் தொட்டிக்குள் விடக் கூடாது. இதைச் சொன்னதும் ஒரு ஆயா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏங்கண்ணு, ஆறு மாசமா வானத்தப் பாத்துக்கிட்டு கெடக்கோம், வர்ற மழைய கீழ ஊத்தணுமா?" எனக்கு வாயடைத்துவிட்டது. கூரை கழுவின தண்ணீர், அழுக்கு, கிருமி என்று எவ்வளவு சொல்லியும் அவர் அசையவில்லை. சரி, மழை வரட்டும் என்று விட்டோம். தொட்டிக்குப் போகும் பைப்புக்கு முன்னால் நாலு அடி உயரமுள்ள ஒரு நாலு அங்குலப் பைப்பை நிறுத்தி, அடியில் மூடி போட்டிருந்தோம். முதலில் வரும் 10 லிட்டர் அதில் போய் நிற்கும், அது நிரம்பின பிறகுதான் தண்ணீர் தொட்டிப் பக்கம் திரும்பும். மழை விட்டதும் ஆயாவையே மூடியைத் திருகச் சொன்னேன். டீ நிறத்தில் கொட்டியது. புளிய இலை, புறா எச்சம், ஒரு செத்த பூரான்.

ஆயா குனிந்து பார்த்தார். "சீ, அத அந்தக் கருவேப்பிலச் செடிக்கு ஊத்து" என்றார். அதோடு வாதம் முடிந்தது.

இப்போது ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அந்தத் தெருவில் யார் மூடியைத் திறக்கவில்லை என்று பார்த்துத் திட்டுவது அவர்தான். குழாய்க்குப் பூட்டு போட்டு, சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார். கொசு நுழையாமல் நிரம்பி வழியும் வாய்க்குத் துணி கட்டச் சொன்னோம், அவர் பழைய நைலான் சேலையை மூன்று மடிப்பாக மடித்துக் கட்டியிருக்கிறார், நாங்கள் வாங்கிப்போன வலையைவிட அதுவே மேல்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வீட்டில் பூச்சு வேலை. கொத்து வேலை தெரிய வேண்டியதில்லை, சாக்கு நனைக்கவும் கலவை எடுத்துக் கொடுக்கவும்தான் ஆள் வேண்டும். காலை மாரிகுப்பம் ரயிலைப் பிடித்தால் பங்காருப்பேட்டையில் நாங்கள் நிற்போம். தலைக்கு ஒரு துண்டு எடுத்து வாருங்கள், வெயில் கடுமையாக இருக்கிறது. வணக்கம்.