இரண்டு பேருமே சிறார் என்றால்

‘ரெண்டுமே சின்னப் பிள்ளைங்க, இதுக்கு எதுக்கு போலீஸ்?’ பாலியல் புகாரில் இரண்டு பக்கமும் சிறார் என்ற பேச்சை எடுத்தாலே ஒருவர் இப்படிக் கேட்பார். பக்கத்தில் இருப்பவரோ, ‘இந்த வயசிலேயே இப்படியா? தூக்கி உள்ளே போடுங்க’ என்பார். சட்டம் இந்த இரண்டு பேர் சொல்வதையும் கேட்பதில்லை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகள்தான். அவர்கள் சம்மதித்தார்களா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. குற்றம் சாட்டப்பட்டவரும் 18-க்குக் கீழே என்றால், அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு அவரை, சிறார் செய்யும் குற்றங்களுக்கான இளைஞர் நீதிச் சட்டத்தின் பக்கம் அனுப்பிவிடும். லாக்கப் கிடையாது, சிறை கிடையாது; பிடித்து வைப்பதாக இருந்தால், விசாரணை முடியும்வரை தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லம்தான். விசாரிப்பது ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்ட இளைஞர் நீதிக் குழுமம். குற்றம் செய்தது உறுதியான பிறகு, திருத்துவதற்கான சிறப்பு இல்லத்தில் வைப்பதாக இருந்தாலும் 3 ஆண்டுகளுக்கு மேல் முடியாது.

16 வயது நிறைந்தவர் என்றால் கதை கொஞ்சம் மாறும். குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றமாக இருந்தால், செய்வது இன்னதென்று புரிந்துகொள்ளும் பக்குவம் அவருக்கு இருந்ததா என்று குழுமம் முதலில் மதிப்பிட வேண்டும். அதன் பிறகு, பெரியவரைப் போலவே விசாரிக்கச் சொல்லி குழந்தைகள் நீதிமன்றத்துக்கு வழக்கை அனுப்பவும் செய்யலாம்.

எனக்கு உறுத்துகிற இடம் இதுதான். 17 வயதுப் பையனும் 17 வயதுப் பெண்ணும் விரும்பி நெருங்கியதும், 15 வயதுப் பையன் 8 வயதுக் குழந்தையை மிரட்டிப் பாலியல் தொல்லை கொடுத்ததும் ஒரே சட்டத்துக்குள் வருகின்றன. முதல் வழக்கில் இருவருமே குழந்தைகள். போக்சோ ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. ஆனால் வழக்கு என்று வந்தால் பெரும்பாலும் பையன்தான் மாட்டுவான். கனடாவில் 14, 15 வயதினர் சம்மதித்து, துணையின் வயது 5 ஆண்டுக்குள் மூத்ததாக இருந்து, அதிகாரமோ சுரண்டலோ இல்லையென்றால் அது குற்றமில்லை. நம் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இல்லை. 2023-இல் சட்ட ஆணையமும் 18 என்ற எல்லையைக் குறைக்க வேண்டாம் என்றே சொன்னது. 16 முதல் 18 வரை உள்ளவர்கள் வழக்கில் தண்டனையை நீதிபதி பார்த்து முடிவு செய்யட்டும் என்றது. எனக்கு அது போதாது. வயதைவிட யார் கை ஓங்கியிருந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்த 8 வயதுக் குழந்தையின் வழக்கில் எனக்குக் குழப்பமே இல்லை. பையனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் பள்ளி நிர்வாகி சட்டத்தை மீறுகிறார். தெரிந்தும் புகார் கொடுக்காததற்குச் சிறைத் தண்டனை வரை உண்டு. ‘அவன் வாழ்க்கை போயிடுமே’ என்பார்கள். போகாது. பெரியவராக விசாரிக்கப்பட்டு தண்டனை பெற்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இந்தத் தீர்ப்பு பின்னாளில் எந்தத் தகுதிக்கும் தடையாகாது. குறித்த காலம் முடிந்ததும் பதிவுகளையும் அழிக்கச் சொல்கிறது சட்டம்.