முள்ளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு பெட்டி

வணக்கம். வீட்டில் டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள் இன்றைக்கு ஒரு காரியம் செய்து பாருங்கள். ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, இசைத்தட்டைச் சுழலவிட்டு, முள்ளை இறக்குங்கள். காதைக் கிட்டே கொண்டுபோனால் பாட்டு கேட்கும். கொசு பாடுகிற மாதிரி கேட்கும். தாளத்தின் கனம் இருக்காது, கீச்சு மட்டும்தான்.

அதற்கு ஒரு காரணம், தட்டில் பாட்டைப் பதிக்கும்போதே கனத்த ஒலியைக் குறைத்து, கூர்மையான ஒலியைக் கூட்டித்தான் பதிக்கிறார்கள். கனத்த ஒலி, பள்ளத்தை அகலமாக வளைக்கும். அப்படியே விட்டால் தட்டில் இடம் போதாது, முள்ளும் துள்ளிவிடும். முதலில் ஆளுக்கொரு அளவில் குறைத்துக் கொண்டிருந்தார்கள். 1954-இல் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவு வந்தது. அதன்படி, நடு ஒலியோடு ஒப்பிட்டால், அடிமட்ட ஒலி சுமார் பத்தில் ஒரு பங்காகிவிடும். உச்ச ஒலி சுமார் பத்து மடங்காகும். கேட்கும்போது யாராவது இதைத் திருப்பிப் போட வேண்டுமே? ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற சின்னப் பெட்டியின் வேலை அதுதான். கூட்டிய கூர்மையைக் குறைக்கும்போது தட்டின் இரைச்சலும் சேர்ந்து குறைவது கூடுதல் லாபம்.

இரண்டாவது வேலை, சத்தத்தைப் பெருக்குவது. இங்கேதான் பலரும் தவறிவிடுகிறார்கள். பெட்டியை முதலில் பார்க்காதீர்கள், கார்ட்ரிட்ஜைப் பாருங்கள். முள்ளைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக மாற்றுகிற சின்னத் துண்டுதான் கார்ட்ரிட்ஜ். முள்ளோடு காந்தம் அசைகிற எம்.எம். வகை 3 முதல் 5 மில்லிவோல்ட் தரும். அதற்கு 100 மடங்கு பெருக்கம், அதாவது 40 டெசிபல், போதும். சுருள் அசைகிற எம்.சி. வகையில் பெரும்பாலானவை அரை மில்லிவோல்ட்டைக்கூடத் தொடாது. அதற்கு 1000 மடங்கு, 60 டெசிபல் வேண்டும். எம்.எம். பெட்டியில் அதைச் செருகினால் வால்யூமை முழுக்கத் திருகினாலும் முனகல்தான் வரும். திரும்பச் சொல்கிறேன்: முதலில் கார்ட்ரிட்ஜ், அப்புறம் பெட்டி.

இப்போது என் கதை. புதுப் பெட்டி வாங்கி மாட்டிய அன்றைக்கே 'உம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். பாட்டு ஓடும்போது ஒளிந்துகொள்ளும், பாட்டு நின்றதும் வந்து உட்கார்ந்துகொள்ளும். வயரை மாற்றினேன். பெட்டியை இடம் மாற்றினேன். அதே உம்ம்ம். கடையில் கொடுத்துவிட்டு அதைவிட விலை கூடியதை வாங்கி வந்தேன். அதே உம்ம்ம்! மூன்றாம் நாள் தூசு தட்டலாமென்று டர்ன்டேபிளுக்குப் பின்னால் குனிந்தால், ஒரு மெல்லிய வயர் எதிலும் மாட்டாமல் தொங்குகிறது. நுனியில் கவை மாதிரி ஒரு தகடு. எர்த் வயர். பெட்டியின் பின்னால் அதற்கென்றே ஒரு திருகு இருந்தது. கவையை அதன் அடியில் செருகி விரலால் முறுக்கினேன், ரீங்காரம் போய்விட்டது. முதல் பெட்டி பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரிப்பதற்கு முன்பே டர்ன்டேபிளின் முதுகைப் பார்க்கிறேன். வீட்டில் திட்டுகிறார்கள்.

சரி, தனிப் பெட்டி தேவையா? உங்கள் ஆம்ப்ளிஃபையரில் ஃபோனோ என்று ஒரு துளை இருந்தால் உள்ளேயே ஒன்று இருக்கிறது. சில டர்ன்டேபிள்களிலும் உண்டு, பின்னால் சின்ன ஸ்விட்ச் இருக்கும். இருப்பதைச் சோதித்துப் பாருங்கள். வழக்கமாகக் கேட்கிற வால்யூமில், முள்ளைத் தூக்கி வைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். இரைச்சல் காதில் விழவில்லையா? அப்படியானால் அந்தக் காசில் முள்ளை மாற்றுங்கள். தேய்ந்த முள்ளை எந்தப் பெட்டியாலும் காப்பாற்ற முடியாது. தனிப் பெட்டி வாங்கினால் அதை ஆம்ப்ளிஃபையரின் ஃபோனோ துளையில் மாட்டிவிடாதீர்கள். செய்த வேலையையே இரண்டாம் முறை செய்து, பாட்டை இடிமுழக்கமாக்கிவிடும். ஆக்ஸ் (AUX) என்று எழுதிய சாதாரணத் துளையில் மாட்டுங்கள். எம்.எம். வைத்திருப்பவர்கள் டர்ன்டேபிளிலிருந்து பெட்டிக்கு வரும் வயரைக் குட்டையாக வையுங்கள். அந்த வயரின் மின்தேக்கமும், அதாவது மின்னைத் தேக்கிவைக்கும் தன்மையும், கூர்மையான ஒலியை மாற்றும்.

பெட்டிக்குள் இருக்க வேண்டியது வால்வா, டிரான்சிஸ்டரா என்று பேச வேண்டுமென்றுதான் வந்தேன். ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். எர்த் வயர் நேரத்தைத் தின்றுவிட்டது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வளைந்த தட்டு ஓடும்போது ஸ்பீக்கரின் பெரிய கூம்பு சத்தமில்லாமல் உள்ளே வெளியே போய்வந்தால், 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிற சப்சானிக் ஃபில்டர் உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். வணக்கம்.