ஒருவர் ‘ஒரே மூச்சில் படித்தேன்’ என்கிறார், இன்னொருவர் ‘இழுவை’ என்கிறார்: யாரை நம்பி வாங்குவது?

வணக்கம். காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். போன வீடியோவில் ஒரு கலகலப்பான காதல் நாவலைப் பற்றிப் பேசியிருந்தேன் அல்லவா, அதற்கு வந்த கேள்விகளில் இது கொஞ்சம் பெரியது. தேவகோட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். படிக்கிறேன்.

“அக்கா, நீங்கள் சொன்னதைக் கேட்டு அந்த நாவலை வாங்கப் போனேன். வாசகர் கருத்துகளைப் பார்த்ததும் குழப்பமாகிவிட்டது. ஒருவர் ஒரே மூச்சில் படித்தேன் என்கிறார், இன்னொருவர் இழுவை என்கிறார். கதாநாயகனும் நாயகியும் பங்காளிகள், எப்படிக் கல்யாணம் செய்வார்கள் என்று ஒருவர் சண்டையே போட்டிருக்கிறார். யாரை நம்புவது? இந்த மாதிரிக் கதைக்கு இவ்வளவு விவாதம் எதற்கு என்று என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். 78 வயதாகும் என் ஆயாவுக்கு இதை வாங்கித் தரலாமா?”

சரி. கதை தெரியாதவர்களுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு பெரிய வீடு, பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு பையன் அதைத் தங்கும் விடுதியாக மாற்ற நினைக்கிறான். வீட்டுக்குப் பங்குக்காரர்கள் 23 பேர். 22 கையெழுத்து வந்துவிட்டது. மிச்சம் ஒன்று பெங்களூரில் இருக்கும் ஒரு பெண்ணிடம். “வீட்டைப் பார்க்காமல் போட மாட்டேன்” என்று அவள் பெட்டியோடு வந்து இறங்குகிறாள். மீதியை நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

முதலில் அந்தப் பங்காளிச் சண்டையை முடித்துவிடுவோம், ஏனென்றால் அதற்கு நேரடியான பதில் இருக்கிறது. நகரத்தாருக்கு, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு, இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஆரம்பித்து ஒன்பது கோயில்கள். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்களுக்குள் பொதுவாகக் கல்யாணம் இல்லை. உட்பிரிவு விஷயம் தனி, அதற்குள் இப்போது போகவில்லை. இந்தக் கதையில் பையன் அந்த வீட்டின் ஆண் வழி. பெண்ணின் அம்மாதான் அந்த வீட்டில் பிறந்தவர். கோயில் அப்பா வழியில் வருவதால் அவள் வேறு கோயில். பையன் அவளுக்கு அம்மான் மகன் முறை. பங்காளியே இல்லை, கட்டிக்கொள்ளும் முறைதான். நாலாவது அத்தியாயத்தில் அப்பத்தா ஒரே வரியில் இதைச் சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியை மூடிவிடுகிறார். அந்த வரியைத் தாண்டிப் போனவர்கள் கடைசிவரைக்கும் கோபமாகவே படித்திருக்கிறார்கள், பாவம்.

இதற்கு இன்னொருவர், “அம்மா வழிப் பெண் என்றால் அவளுக்கு ஏது பங்கு, ஏது கையெழுத்து?” என்று கேட்டிருந்தார். இதுவும் நல்ல கேள்விதான். 30, 40 வருடங்களுக்கு முன்னால் இந்தக் கதையை எழுதியிருக்கவே முடியாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அதில் இடமில்லை. 2005இல் வந்த மத்திய அரசின் திருத்தம் அந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டது. 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, அந்தப் பெண்ணின் கையெழுத்துக்காகப் பையன் பெங்களூருக்கும் கானாடுகாத்தானுக்கும் அலைவது நிஜமாகவே இன்றைக்கு நடக்கக்கூடியது. சிரிப்புக் கதைதான், ஆனால் அடியில் இருக்கும் பத்திரம் உறுதியான பத்திரம். எனக்கு இந்த நாவலில் முதலில் பிடித்ததே அதுதான்.

இப்போது ‘ஒரே மூச்சு’க்கும் ‘இழுவை’க்கும் வருவோம். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் படித்த விதம் வேறு.

இந்த மாதிரி நாவல்களில் நிறைய இப்போது முதலில் இணையத்தில் தொடராக வருகின்றன. வாரத்துக்கு இரண்டோ மூன்றோ அத்தியாயம். ஒவ்வொன்றுக்கும் கீழே வாசகிகள் “அய்யோ, இவனை இன்னும் கொஞ்சம் சுத்த விடுங்க” என்று எழுதுவார்கள். எழுதுபவரும் மனுஷிதானே, சுத்த விடுவார். அப்புறம் அது புத்தகமாகும். அப்புறம் யாராவது குரல் கொடுத்து ஒலி நாவலாகவும் ஆகும். இந்தக் கதையும் அப்படி வந்ததுதான். நடுவில் ஒரு கைப்பேசிச் செய்தியைத் தப்பாகப் புரிந்துகொண்டு இருவரும் பேசாமல் இருக்கிறார்கள். தொடராகப் படித்தவர்களுக்கு அது மூன்று வாரத் தவிப்பு, “தூக்கமே வரவில்லை” என்று எழுதியவர்கள் உண்டு. புத்தகமாக ஒரே நாளில் படிப்பவருக்கு அதுவே 60 பக்கம் தொடர்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் இரண்டு பேர். ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். புத்தகத்துக்குக் கொண்டுவரும்போது அதைப் பாதியாக வெட்டியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

எனவே ஒரு கருத்தைப் பார்த்தால், நட்சத்திரத்தை எண்ணுவதற்கு முன்னால் அவர் எப்படிப் படித்திருக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் அவர்களே எழுதியிருப்பார்கள். “சமையல் வேலையோடு கேட்டேன்” என்பார், “ரயிலில் முடித்துவிட்டேன்” என்பார், “எபிக்கு எபி (அத்தியாயத்துக்கு அத்தியாயம்) காத்திருந்தேன்” என்பார். நீங்களும் அவரைப் போலப் படிக்கிறவர் என்றால் அவர் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊடலைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். கலகலப்பான காதல் என்றால் ஏதோ புதிதாக வந்த சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். திருக்குறளில் 132ஆவது அதிகாரம் புலவி நுணுக்கம். புலவி என்றால் ஊடல், காதலர்களுக்குள் வரும் செல்லக் கோபம். அதில் அவன் தும்முகிறான், அவள் வழக்கப்படி வாழ்த்துகிறாள், உடனே “யார் நினைத்து நீர் தும்மினீர்?” என்று அழுகிறாள். அடுத்த குறளில் அவன் உஷாராகித் தும்மலை அடக்கிக்கொள்கிறான். “உம்மவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா?” என்று அதற்கும் அழுகிறாள். இரண்டு குறள்தான், நாலு வரி. இதற்குமேல் என்ன வேண்டும்? அதே வள்ளுவர்தான் ஓர் அதிகாரம் முன்னால் ‘உப்பமைந் தற்றால் புலவி’, ஊடல் சாப்பாட்டில் உப்பு மாதிரி என்று சொல்லி, கொஞ்சம் கூடினாலும் கெட்டுவிடும் என்று எச்சரித்தும் வைத்திருக்கிறார். இழுவை என்று சொன்ன வாசகர்கள் வள்ளுவர் பக்கம் நிற்கிறார்கள். அவர்களை ரசனை இல்லாதவர்கள் என்று திட்ட வேண்டாம்.

‘முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது’ என்ற கருத்தை நான் கண்டுகொள்வதே இல்லை. இந்த வகைக் கதையில் அது முதலிலேயே செய்துகொண்ட ஒப்பந்தம். ‘ஹீரோ கோபமே படமாட்டேன் என்கிறான், சப்பென்று இருக்கிறான்’ என்பதையும் விட்டுவிடலாம். முரட்டு நாயகன் வேண்டுமென்றால் ஆன்டி ஹீரோ என்று போட்டே தனியாக வருகிறது, அங்கே போகலாம்.

நான் கவனித்துப் படிக்கும் கருத்து எது என்றால், எந்த இடத்தில் சிரித்தேன், எந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை என்று சொல்வது. தொல்காப்பியர் நகைக்கு நாலு காரணம் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இந்த நாவலின் முதல் பாதிச் சிரிப்பு முழுக்கப் பேதைமையிலிருந்து, அதாவது அறியாமையிலிருந்து வருகிறது. பெங்களூர்ப் பெண்ணுக்கு இந்த ஊர் வழக்கம் எதுவும் தெரியாது. பிள்ளையார் நோன்பு அத்தியாயம் ஒன்று போதும். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், 21 நூல் இழை, அதை மாவில் திரியாக வைத்து ஏற்றிக் கொடுப்பார்கள். அதை எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவளிடம் யாருமே முன்னால் சொல்லவில்லை. ஊதி அணைத்துவிட்டு, பிறந்தநாள் மாதிரி எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிறாள். அந்த ஒரு நொடி வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், இருந்த அத்தனை பேர் முகத்தையும் எழுத்தாளர் வரிசையாகக் காட்டியிருக்கிறார் பாருங்கள், நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தேன்.

இரண்டாம் பாதியில் சிரிப்பு எள்ளலுக்கு, அதாவது கேலிக்கு இறங்கிவிடுகிறது. பள்ளத்தூரிலிருந்து ஒரு பெரியம்மா வருவார். அவர் உடம்பை வைத்தும் சாப்பாட்டை வைத்துமே ஐந்தாறு பக்கம். ஒரு வாசகி “நானும் அந்தப் பெரியம்மா மாதிரிதான் இருப்பேன், புத்தகத்தை மூடிவிட்டேன்” என்று எழுதியிருக்கிறார். நாவலுக்கு வந்ததிலேயே கனமான விமர்சனம் அதுதான். எழுத்தாளர் அடுத்த பதிப்பில் அதைப் படித்துப் பார்த்துத் திருத்தினால் நல்லது.

அப்புறம் நம் ஊர்க்காரர்களின் புகார், ‘செட்டிநாட்டைச் சுற்றுலாப் படம் மாதிரி காட்டுகிறார்.’ பாதி சரி. பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல், பெல்ஜியம் கண்ணாடி மூன்றும் மூன்று பக்கத்துக்கு ஒரு முறை வருகின்றன. ஒவ்வொரு சண்டைக்கும் பின்னால் யாராவது வெள்ளைப் பணியாரம் கொண்டுவருகிறார். இந்த ஊரில் யாரும் அவ்வளவு பணியாரம் சுடுவதில்லை, எண்ணெய் விற்கிற விலைக்கு. ஆனால் வீட்டின் அமைப்பைக் கதைக்குப் பயன்படுத்திய விதத்தில் எனக்குக் குறை இல்லை. நடுவில் வளவு, சுற்றி அறைகள். கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அறை, வேறு வைத்துவிட்டால் ஒரே கூரையின் கீழே தனித்தனி அடுப்பு. அப்படி ஒரு வீட்டில் இரண்டு பேர் ரகசியம் பேச வேண்டும் என்றால் எங்கே போவார்கள்? முகப்பில் நின்றால் தெரு பார்க்கும், வளவில் நின்றால் எட்டு அறையும் கேட்கும். கடைசியில் இருவரும் மொட்டைமாடியில் காயப்போட்ட வற்றலுக்குக் காவல் இருக்கிற சாக்கில் பேசிக்கொள்கிறார்கள். இதெல்லாம் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனவருக்கு வராது, இருந்து பார்த்தவருக்குத்தான் வரும்.

வீட்டுக்காரர் சிரிக்கிறார் என்றீர்கள். அவரை ஒருநாள் கோட்டையூர்ப் பக்கம் அழைத்துப் போய் ரோஜா முத்தையாவைப் பற்றிச் சொல்லுங்கள். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். பழம்பெரும் நூல்களோடு, மற்றவர்கள் எடைக்குப் போட்ட மலிவு நாவல், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் கோட்டையூர் வீட்டில் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் அதுதான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆனது. இன்றைக்கு ஆய்வாளர்கள் அங்கே உட்கார்ந்து அந்தக் கால மலிவு நாவல்களையும்தான் புரட்டுகிறார்கள், மக்கள் எதற்குச் சிரித்தார்கள், எதற்கு அழுதார்கள் என்று தெரிந்துகொள்ள. வாசகர் கருத்துகளையும் யாராவது அப்படிச் சேர்த்து வைத்தால் நல்லது என்று நான் நினைப்பதுண்டு. தொடர் முடிந்ததும் தளத்திலிருந்து கதையை எடுத்துவிடுகிறார்கள், கருத்துகளும் அதோடு போய்விடுகின்றன.

கடைசியாக, ஆயாவுக்கு வாங்கலாமா? தாராளமாக. ஆனால் அச்சுப் புத்தகத்தில் எழுத்து பொடி, 78 வயதுக் கண்ணுக்குக் கஷ்டம். மின்நூலாக எடுத்து எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள், இல்லையென்றால் ஒலி நாவலைப் போட்டுவிடுங்கள். பெரியம்மா வரும் பக்கங்களைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நோன்பு அத்தியாயத்தின்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள், உங்கள் ஆயா கண்டிப்பாக நிறுத்தச் சொல்லி ஏதாவது திருத்துவார். அவர் சொல்லும் திருத்தத்தை எனக்கு எழுதி அனுப்பினால் அடுத்த வீடியோவில் படிக்கிறேன்.

சரி, அடுத்து புதுவயலிலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது, பார்ப்போம்.