சோப்புப் படலம் போடும் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். சோப்புத் தண்ணீரில் குமிழி ஊதாத குழந்தை இருக்க முடியாது. ஊதும் வளையம் சதுரமாக இருந்தாலும் பறக்கும் குமிழி உருண்டைதான். உள்ளே அடைபட்ட காற்றை மிகக் குறைந்த பரப்பில் மூட உருண்டையை விட்டால் வேறு வடிவம் கிடையாது. படலம் எப்போதும் சுருங்கவே பார்க்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது ஒரே அளவுள்ள இரண்டு கம்பி வளையங்களை ஒட்டி வைத்து, சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, மெல்லப் பிரியுங்கள். நடுவில் தட்டு மாதிரி ஒரு படலம் நின்றால் காய்ந்த விரலால் அதைக் குத்திவிடுங்கள். மிஞ்சுவது நேரான குழாயாக இருக்காது. உடுக்கைபோல இடுப்பு ஒடுங்கி நிற்கும். இரு முனையில் பிடித்த சங்கிலி தொங்குமே, அந்த வளைவைச் சுழற்றினால் வரும் வடிவம் இது. கணித மேதை ஆய்லர் 1744-லேயே இதைக் கண்டுவிட்டார்.

இன்னும் பிரியுங்கள். இடைவெளி வளைய விட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியதும் இடுப்பு பட்டென்று அறுந்து, வளையத்துக்கு ஒன்றாக இரண்டு தட்டையான படலங்கள் நிற்கும்.

நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான். இடைவெளி விட்டத்தில் பாதியைச் சற்றுத் தாண்டியபோதே அந்த இரண்டு தட்டுகளின் பரப்புதான் குறைவு! ஆனாலும் படலம் உடுக்கையாகவே நின்றது. ஏன்? ஒவ்வொரு துளியும் பக்கத்துத் துளியை மட்டுமே இழுக்கிறது. மேட்டில் கொட்டிய தண்ணீர் முதல் குழியிலேயே தேங்கிவிடும் அல்லவா, பக்கத்தில் ஆழமான பள்ளம் இருந்தாலும்? அப்படித்தான். சோப்புப் படலம் மிகச் சிறிய பரப்பைக் கண்டுபிடித்துவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். அருகில் உள்ளவற்றில் சிறியதை, என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெல்ஜியத்தின் ஜோசஃப் பிளாத்தோ பார்வையை இழந்த பிறகும் இந்த ஆய்வை விடவில்லை. மற்றவர்கள் படலத்தைப் பார்த்துச் சொல்ல, அவர் விதிகளை வகுத்தார். மூன்று படலங்கள் கூடினால் நடுவே 120 பாகைக் கோணம். 1873-ல் வெளியான அவருடைய நூலில் இது இருக்கிறது. கணித நிரூபணம் 1976-ல்தான் வந்தது, ஜீன் டெய்லர் தந்தார்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. அப்புறம் இரட்டைக் குமிழி: பெரியதும் சிறியதும் ஒட்டிக்கொண்டால் நடுச்சுவர் பெரியதன் பக்கம் புடைக்கும், சிறியதில்தான் அழுத்தம் அதிகம். வணக்கம்.